பக்கம் இருபத்து மூன்று

1962 மார்ச் 13, செவ்வாய்க்கிழமை. காலை ஐந்தரைக்கு எழுந்தேன். மாடிக் குழாயில் தண்ணீர் மெலிந்து வந்தது. வாளி நிறையப் பதினோரு நிமிடம் ஆனது. ஆறே காலுக்குக் கீழே சரபத்துக் கடையில் ஒரு காப்பி, இரண்டு துண்டு ரொட்டி. சட்டையில் இரண்டாவது பொத்தான் தளர்ந்திருந்ததால் மேலே போய் வேறு சட்டை மாற்றினேன். ஏழு மணிக்குச் சிராங்கூன் ரோட்டில் பஸ். ஏழு இருபத்தைந்துக்கு ஆற்றோரத்தில் இறங்கினேன். ஏழு முப்பத்தாறுக்கு அலுவலகத்தின் பக்கவாட்டுக் கதவைத் திறந்தேன்.

இவ்வளவும் அந்த ஆண்டு டைரியில் இருக்கிறது. அன்று செய்ய வேண்டியவை என்று ஐந்து வேலைகள் எழுதியிருக்கிறேன். நான்கு இப்போது சொல்லத் தேவையில்லாதவை. ஐந்தாவது இது: "பெரிய கிராணியின் கோப்பு. இன்று கடைசி நாள். பதில் வராவிட்டால் நாளை ஒன்பது மணிக்கு மேலே போகும்." அதற்குக் கீழே ஒரு அடிக்கோடு. நான் டைரியில் அடிக்கோடு போடுகிறவன் இல்லை. அந்த ஆண்டு முழுவதும் போட்டது அது ஒன்றுதான்.

அப்போது நான் அட்டர்னி ஜெனரல் அலுவலகத்தில் கோப்பறைக் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருந்தேன். வயது முப்பத்தெட்டு. அந்த அலுவலகத்தை நீதிமன்றம் என்று நினைத்து வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அது நீதிமன்றம் அல்ல. அரசாங்கத்தின் மேல் வழக்குப் போட்டால் அரசாங்கத்துக்காக வாதாடுவது அங்கிருப்பவர்கள். எந்த இலாகாவுக்குச் சட்டத்தில் சந்தேகம் வந்தாலும் அபிப்பிராயம் கேட்டு எழுதுவது அவர்களுக்கு. புதிய சட்டங்களின் வாசகம் அங்கேதான் தயாராகும். இவற்றையெல்லாம்விட நான் பெரிதாக நினைத்த ஒன்று உண்டு. சில குற்றங்களுக்கு எங்கள் தலைவர் எழுத்தில் சம்மதம் தராமல் யாரையும் நீதிமன்றத்தில் நிறுத்த முடியாது. ஒரு தாள், ஒரு கையெழுத்து. அது விழும்வரை ஒருவர் நம்மைப் போல ஓர் ஆள். விழுந்த பிறகு குற்றம் சாட்டப்பட்டவர். அந்தத் தாள் வைத்த கோப்பைப் படியேறிக் கொண்டுபோய் வைக்கும் வேலை என்னுடையது.

கோப்பறையின் பின்சுவர் நெடுகப் பழைய அபிப்பிராயங்கள் தோல் அட்டை போட்டு நின்றன. தெருவில் மேளம் அடித்து ஊர்வலம் போகலாமா என்று ஒரு கவர்னர் கேட்டிருப்பார். ஆற்றில் இந்தத் துறையில் படகு கட்டும் உரிமை யாருக்கு என்று இன்னொருவர். கேட்டவரும் சொன்னவரும் மண்ணாகிவிட்டார்கள். கேள்வியும் பதிலும் பக்க எண்ணோடு இருந்தன. 1959இல் நமக்குச் சுயாட்சி வந்தபோது கிரீடம் அச்சிட்ட தாள்கள் கட்டுக்கட்டாகக் கழிக்கப்பட்டன. பின்புறத்தில் துண்டுக் குறிப்பு எழுதிக்கொள்ளுங்கள் என்று எங்களுக்குத் தந்துவிட்டார்கள். 1963இல் மலேசியாவில் சேர்ந்தபோது தலைவரின் பதவிப் பெயரே மாறியது. பிரிந்து வந்தபின் பழைய பெயர் திரும்பியது. அந்த மாற்றங்களை நான் உள்ளே இருந்து பார்க்கவில்லை. அப்போது நான் அங்கே வேலையில் இல்லை. தெருவில் நடந்து போகும்போது பெயர்ப் பலகையைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

கோப்பறையில் ஒரே ஒரு சட்டம். கோப்பில் சேரும் ஒவ்வொரு தாளுக்கும் வலது மேல் மூலையில் சிவப்பு மையில் வரிசை எண் போட வேண்டும். எண் விழுந்த தாளை யாரும், தலைவரே ஆனாலும், வெளியே எடுக்கக் கூடாது. எண் விழாத தாள் வெறும் தாள். எண் விழுந்தால் அது நடந்தது என்று அர்த்தம்.

பெரிய கிராணி யார் என்று சொல்ல வேண்டும்.

1954இல் நான் வேறொரு இலாகாவில் இருந்தேன். எந்த இலாகா என்பது இங்கே வேண்டாம். தொழிலாளர்களின் புகார்கள் வரும் இடம். அங்கே எனக்கு மேலே இருந்தவரைத்தான் எல்லோரும் பெரிய கிராணி என்போம். என்னைவிட ஒன்பது வயது மூத்தவர். என்னைத் தம்பி என்பார். நான் அண்ணே என்பேன். அவருடைய தங்கை கணவர் தஞ்சோங் பகாரில் ஓர் ஒப்பந்தக்காரரிடம் மண்டோராக இருந்து, கப்பலடியில் மூட்டை தூக்கும் ஆட்களை மேய்த்துக்கொண்டிருந்தார். அவர் ஒரு கூலியைக் கட்டையால் அடித்துக் கையை முறித்துவிட்டதாகப் புகார் வந்தது. அந்தக் கோப்பு எங்கள் பதிவறையில் பூட்டில் இருந்தது. சாவி என்னிடம்.

டிசம்பர் 11ஆம் தேதியிலிருந்து பெரிய கிராணிக்கு இந்தியாவுக்குப் போக ஆறு வாரம் விடுப்பு. கப்பலேறிவிட்டார் என்று அலுவலகம் நினைத்தது. 14ஆம் தேதி பகல் எல்லோரும் சாப்பிடப் போயிருந்தபோது அவர் வந்தார். பழைய சுற்றறிக்கை ஒன்று பார்க்க வேண்டும், சாவியைக் கொடு என்றார். இன்னும் கப்பலேறவில்லையா என்று கேட்டேன். தள்ளிப்போய்விட்டது என்றார். கொடுத்தேன். இருபது நிமிடத்தில் திருப்பித் தந்தார். சாவிப் புத்தகத்தில் எழுதப் பேனாவை எடுத்தேன். "எனக்கே எழுதிறியா?" என்று சிரித்தார். எழுதவில்லை. என் வாழ்க்கையில் எழுதாமல் விட்டது அது ஒன்றுதான். இரவு டைரியில் எழுதினேன்.

ஜனவரியில் கோப்பைக் காணவில்லை என்றார்கள். விசாரணை நடந்தது. பெரிய கிராணி எழுந்து, விடுப்பு முழுவதும் தாம் இந்தியாவில் இருந்ததாகவும், சாவி யாரிடம் இருந்தது என்பது எல்லோருக்கும் தெரியும் என்றும் வாக்குமூலம் கொடுத்தார். நான் டைரியைக் கொண்டுபோயிருந்தேன். விசாரித்த அதிகாரி அதைத் திறக்கவில்லை. "இது நீ எழுதியதுதானே?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "அப்படியானால் வேண்டாம்" என்றார்.

கோப்பைத் தொலைத்தவன் என்று என் பெயரில் பதிவானது. விசாரணைக் கோப்பின் நகல் ஒன்றை எனக்கும் தந்தார்கள். கோப்பை விற்றவன் என்று தெருவில் பேச்சானது. சம்பள உயர்வு நிறுத்தப்பட்டு, தீவின் வடகோடியில் கிராஞ்சியில் இலாகாவின் சாமான் கிடங்குக்கு மாற்றப்பட்டேன். அங்கே போகும் பஸ்ஸுக்காக நின்ற நேரத்தைக் கூட்டினால் எவ்வளவு வரும் என்பதையும் எழுதி வைத்திருக்கிறேன்; இங்கே சொல்லவில்லை. கிடங்கில் மண்வெட்டிகளுக்கும் ரப்பர் பூட்ஸுகளுக்கும் நடுவே நான்கரை வருஷம். அந்தத் தை மாதம் எனக்கு நிச்சயம் செய்வதாக இருந்தது. பெண்ணின் தகப்பனார் பேச்சைக் கேட்டுவிட்டு, வெற்றிலைத் தட்டை ஓர் ஆள் மூலம் திருப்பி அனுப்பினார். தாமே வரவில்லை. அந்தத் தட்டு இன்றும் என் பெட்டியில் இருக்கிறது. பிறகு நான் யாரையும் பார்க்கச் சொல்லவில்லை.

ஒவ்வோர் ஆண்டும் புதிய டைரி வாங்கியதும் முதல் பக்கத்தில் 1954 டிசம்பர் 14இன் பதிவைப் பார்த்து எழுதுவேன். ஒரு சொல் கூடாமல், குறையாமல். 1962 டைரியோடு எட்டு முறை எழுதியிருந்தேன். சிலர் மறப்பதற்காக எழுதுகிறார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். நான் அதற்காக எழுதவில்லை.

1959இல் பழைய அபிப்பிராயங்களுக்கு அகராதி வரிசையில் அட்டவணை போடப் பொறுமையான ஆள் வேண்டும் என்று அட்டர்னி ஜெனரல் அலுவலகம் கேட்டது. கிராஞ்சிக்கு யாரும் வர விரும்பாததுபோல, அந்த வேலைக்கும் யாரும் விரும்பவில்லை. நான் போனேன்.

1961 அக்டோபரில் ஏதோ ஒரு நியமன விஷயமாக அபிப்பிராயம் கேட்டு, என் பழைய இலாகாவிலிருந்து ஒரு கட்டு வந்தது. அதில் பெரிய கிராணியின் குடியுரிமை மனுவின் நகல் இருந்தது. மனுப் படிவத்தில், நாட்டைவிட்டு வெளியே போயிருந்த காலங்களை எழுதச் சொல்லும் ஒரு கட்டம். 1954க்கு எதிரே அவர் "இல்லை" என்று எழுதியிருந்தார்.

அந்த மனிதர் விசாரணையில் பொய் சொன்னார். மனுவில் உண்மை சொல்லியிருக்கிறார். ஆனால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் எவருக்கும் எது பொய் என்று தெரியாது. இலாகாவின் முத்திரை விழுந்தது விசாரணை வாக்குமூலம். ஆகவே பொய்யாகத் தெரியப்போவது மனு. குடியுரிமைக்குப் பொய் உறுதி கொடுத்தால் வழக்கு. எங்கள் தலைவரின் சம்மதத்தோடு. குடியுரிமையும் போகும்.

அன்று மாலை, கையெழுத்து தெரியாமலிருக்க ஆங்கிலப் பெரிய எழுத்தில், பெயர் போடாமல், குடியுரிமை அலுவலகத்துக்கு ஆறு வரி எழுதினேன். அந்த ஆறு வரியிலும் பொய் இல்லை. இன்ன விசாரணையில் இன்னார் இப்படிச் சொன்னார், இன்ன மனுவில் இப்படிச் சொல்லியிருக்கிறார், இரண்டையும் பாருங்கள். அவ்வளவுதான். தபாலில் போட்டுவிட்டுச் சிராங்கூன் ரோட்டில் நடந்தபோது, வெகு நாளைக்குப் பிறகு பூக்கடை வாசனை எனக்கு மூக்கில் ஏறியது.

பிப்ரவரியில் அது கோப்பாகத் திரும்பி வந்தது. பக்கம் 1, என் மொட்டைக் கடிதம். நானே அதற்குச் சிவப்பு மையில் எண் போட்டேன். கப்பல் கம்பெனியில் அவ்வளவு பழைய பயணிகள் பட்டியல் இல்லை. அவருடைய பழைய பாஸ்போர்ட் காலாவதியாகி எப்போதோ ஒப்படைக்கப்பட்டுவிட்டது. விளக்கம் கேட்டுப் பதினான்கு நாள் அவகாசம் கொடுத்து அவருக்கு அனுப்பிய கடிதத்தின் நகல் பக்கம் 22. கோப்பைப் பார்த்துக்கொண்டிருந்த துணை அரசு வழக்கறிஞர் ஒரு சீன இளைஞர், நிதானமானவர். மார்ச் 13ஆம் தேதி பிற்பகல் நான்கு மணிக்கு வந்து கேட்டார்.

"பதில் வந்ததா?"

"இல்லை, சார்."

"விசித்திரம். ஏதாவது சொல்வார் என்று நினைத்தேன். சரி, காலை ஒன்பது மணிக்குத் தலைவரிடம் எடுத்துப் போகிறேன். மேலே வையுங்கள்."

பதில் ஏன் வரவில்லை என்று எனக்குத் தெரியும். இந்தியாவில் இருந்தேன் என்றால் மனு பொய். இங்கே இருந்தேன் என்றால் விசாரணையில் சொன்னது பொய். எந்தப் பக்கம் வாயைத் திறந்தாலும் பல் போகும். அந்தப் பதினான்கு நாளும் நான் நன்றாகச் சாப்பிட்டேன்.

ஐந்து மணிக்குக் கோப்பறையைப் பூட்டினேன். ஃபேரர் பார்க் மைதானத்தின் ஓரத்துச் சரபத்துக் கடையில் மாலையில் ஒரு டீ குடிப்பது என் வழக்கம். பந்து விளையாடுகிறவர்களின் கூச்சல் கேட்டுக்கொண்டிருக்கும். அங்கே, நான் எப்போதும் உட்காரும் மேசையில், பெரிய கிராணி உட்கார்ந்திருந்தார். ஏழு வருஷத்தில் முன்தலை முடி போயிருந்தது. கழுத்தில் அதே மைனர் சங்கிலி.

"வா தம்பி. அஞ்சு இருபத்தஞ்சுக்கு வந்துடுவான்னு பாய்கிட்ட சொல்லிக்கிட்டிருந்தேன்."

"அஞ்சு இருபத்தேழு," என்றேன்.

"பஸ்ஸு லேட்டா இருக்கும்லா." அவர் சிரித்தார். நான் எதிரே உட்கார்ந்தேன். கடைக்கார பாய் கேட்காமலே என் டீயைக் கொண்டுவந்து வைத்தார்.

"நீதானே எழுதினே?" என்றார் பெரிய கிராணி.

"எதை?"

"மொட்டக் கடுதாசிய."

நான் டீயில் சர்க்கரையைக் கலக்கினேன்.

"எனக்கு வந்த லெட்டர்ல அதுல இருக்கிறத அப்படியே எடுத்துப் போட்டிருக்கான். 'விசாரணைக் கோப்பு, பக்கம் பதினாலு, ஆறாவது வரி.' ஏன் தம்பி, மொட்டக் கடுதாசியில பக்க நம்பர் போடுற ஆளு இந்தச் சிங்கப்பூர்ல எத்தனை பேரு இருக்கான்? வேற எவனா இருந்தாலும் அயோக்கியன், களவாணின்னு எழுதியிருப்பான். நீ வரி நம்பர் போட்டிருக்கே."

என் காது சூடானதை இப்போதும் உணர முடிகிறது. ஐந்து மாதம் எல்லாவற்றையும் யோசித்தவன், ஆதாரம் காட்டாமல் ஒரு வரி எழுத வராது என்பதை யோசிக்கவில்லை.

"பதினாலாம் பக்கம் ஆறாவது வரி தப்பா?" என்று கேட்டேன்.

"தப்பில்ல. சரியாத்தான் இருக்கும். நீ போட்டது." அவர் குரலை இறக்கினார். "இந்தா பாரு. அந்த ஆறு வாரமும் நான் என் தங்கச்சி வீட்டுல, தஞ்சோங் பகார்ல கெடந்தேன். மச்சான் பண்ணின கூத்துக்காகக் கப்பல் டிக்கெட்டத் திருப்பிக் குடுத்தேன். உனக்குத் தெரியும். நீ பார்த்தே. தங்கச்சி செத்துப்போச்சு, மச்சான் ஊருக்கு ஓடிட்டான். என்னய இங்க பார்த்தேன்னு சொல்றதுக்கு வேற ஆள் இல்ல. உன் டைரியில இருக்கு. அதக் குடு."

"ஏழு வருஷத்துக்கு முன்னாடி அதைக் கொண்டுவந்தேன். நீங்க எதிர்லதான் உட்கார்ந்திருந்தீங்க."

அவர் டீயைக் குடித்தார். நான் கண்ணை மைதானத்தின் பக்கம் வைத்துக்கொண்டு, பாடம் ஒப்பிப்பதுபோல் சொன்னேன். "1954 டிசம்பர் 14, செவ்வாய். பகல் 12.50. பெரிய கிராணி வந்தார். விடுப்பில் இருப்பவர். நீலக் கட்டம் போட்ட சட்டை, தோளில் தொளதொளப்பு. சாவி கேட்டார். கொடுத்தேன். 1.10க்குத் திருப்பித் தந்தார். கையில் செய்தித்தாள் சுற்றிய பொட்டலம். சாவிப் புத்தகத்தில் எழுதவில்லை."

"நீலக் கட்டமா?" என்றார் அவர். பிறகு, "அது மச்சான் சட்ட. மாத்திக்க என்கிட்ட வேற இல்ல, பெட்டியெல்லாம் வீட்டுல இருந்துச்சு" என்றார்.

அந்த ஒரு வாக்கியத்தைக் கேட்பதற்காக எத்தனை வருஷம் காத்திருந்தேன் என்று எண்ணினேன். ஏழு வருஷம் மூன்று மாதம், ஒரு நாள் குறைய. ஆனால் சரபத்துக் கடையில் சொன்னது காற்றோடு போகும்.

"டைரி வேணும்னா நீங்க எழுதிக் குடுக்கணும். உங்க கையால. அன்னைக்கு வந்தது, சாவி வாங்கினது, பொட்டலத்துல என்ன இருந்தது, விசாரணையில என்ன சொன்னீங்க, எல்லாம்."

"எழுதினா இலாகாக்காரன் என்னய வெளிய தூக்கிப் போடுவான்."

"ஆமா."

"எனக்கு மூணு புள்ளைங்க. மூணும் இங்க பொறந்தது."

"எனக்கு ஒண்ணும் இல்ல," என்றேன். இரக்கம் வந்தது என்று எழுதினால் அது பொய். அவர் முகம் வியர்ப்பதைப் பார்க்க நன்றாக இருந்தது. நாற்காலியை நிழலுக்கு இழுக்கட்டுமா என்று பாய் அவரிடம் கேட்டபோது, வேண்டாம் என்று நான் பதில் சொன்னேன்.

பெரிய கிராணி விரல்களை மேசையில் தட்டினார். பிறகு பழைய அதிகாரத் தோரணை திரும்பிவிட்டது. "சரி, எழுத மாட்டேன்னு வச்சுக்க. நாளைக்கு உங்க பெரியவரு கையெழுத்துப் போடுறாரு. நான் ஜெயிலுக்குப் போறேன். எதுக்காகப் போறேன்? அந்த டிசம்பர்ல நான் இந்தியாவுல இருந்தேன்னு கோர்ட்டு சொல்லி, அதுக்காகப் போறேன். சரியா?"

"சரி."

"நான் இந்தியாவுல இருந்தா, இங்க அந்த ஃபைல எடுத்தது யாரு தம்பி?"

பந்து ஒன்று எங்கள் மேசையடியில் வந்து நின்றது. யாரோ ஓடிவந்து எடுத்துப் போனார்கள்.

"கோர்ட்டே முத்திர குத்தும்லா. பெரிய கிராணி ஊர்ல இல்ல, சாவி தம்பிகிட்ட இருந்துச்சுன்னு. இலாகா விசாரணைன்னா நாளைக்கு எவனாவது கிழிச்சுப் போடுவான். கோர்ட்டுத் தீர்ப்பு எங்க போகும்? உங்க ஆபீசுல தோல் அட்ட போட்டு வச்சுக்க."

அவர் சொன்னது சரி. ஐந்து மாதமாக அந்தக் கோப்பை என் கையாலேயே தடவித் தடவி வளர்த்தவன், அவரை அடிக்க எடுத்த கட்டை என்னைத் திருடனாக்கிய அந்த வாக்குமூலம்தான் என்பதைப் பார்க்கவில்லை. அவர் தண்டிக்கப்பட்டால் பதினான்காம் பக்கம் உண்மையாகிவிடும். என் டைரிகள் ஒன்பதும் பொய்யாகிவிடும். ஆத்திரம் கண்ணை மறைக்கும் என்பார்கள். எனக்கு மறைத்தது ஒரே ஒரு வரி; ஆறாவது வரி.

"எழுதறேன்," என்றார் அவர். "ஆனா நீயும் எழுதணும். மொட்டக் கடுதாசி நீ போட்டது. ஆபீசுக்கு வந்த காயிதத்தப் பார்த்துட்டுப் போட்டது. உனக்கும் எனக்கும் ஆகாதுன்னு உன் தொரைகிட்ட மூச்சு விடாம இந்த ஃபைல வச்சுக்கிட்டிருந்தது. ரெண்டு தாளும் ஒரே ஃபைல்ல ஏறணும். இல்லேன்னா நான் ஜெயிலுக்கே போறேன். அந்தத் தாளு உனக்குச் சென்மத்துக்கும் கெடைக்காது."

அரசாங்கக் காகிதத்தைப் பார்த்து வெளியே எழுதினால் என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியும். அந்த விதியைப் புதிதாக வருகிறவர்களுக்குப் படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்குகிறவன் நான்தான். ஜூலையில் எனக்கு மேற்பதவி வருவதாக இருந்தது. டீயின் மேல் ஆடை கட்டும் நேரம் யோசித்தேன். வேலையைத் தராசின் ஒரு தட்டில் வைத்தேன். மறு தட்டில் அவர் கையெழுத்தில், அவர் பெயரோடு, "நான்தான்" என்று ஒரு தாள். தராசு ஆடக்கூட இல்லை.

"முதல்ல நீங்க," என்றேன்.

பையில் கிரீடம் போட்ட பழைய தாள்கள் இருந்தன. பின்புறத்தைத் திருப்பிக் கொடுத்தேன். பெரிய கிராணிக்கு நல்ல ஆங்கிலம், அழகான சாய்வெழுத்து. முதல் தாளில், கோப்பைத் தவறுதலாக எடுத்துப் போனதாக எழுதினார்.

"தவறுதலா இல்ல," என்றேன். "மச்சானைக் காப்பாத்த."

இரண்டாவது தாளில், அதனால் உதவிக் கிராணி ஒருவர் மீது பழி விழுந்தது என்று எழுதினார்.

"விழல. நீங்க போட்டீங்க. உதவிக் கிராணிக்குப் பேரு இருக்கு."

"நீ வாத்தியார் வேலைக்குப் போயிருக்கணும், தம்பி."

"கிராஞ்சிக்குப் போனேன்."

மூன்றாவது தாள் சரியாக இருந்தது. கோப்பை என்ன செய்தார் என்பதும் அதில் இருந்தது: தங்கை வீட்டு அடுப்பில், அன்று மாலையே. எல்லா வரியையும் விரல் வைத்துப் படித்தேன். தேதி போடச் சொன்னேன். நேரமும் போடச் சொன்னேன். முதல் இரண்டு தாளையும் கிழித்துத் துண்டுகளை என் பையில் போட்டுக்கொண்டேன். பிறகு நான் எழுதினேன். எனக்கு ஒரே தாள் போதுமாக இருந்தது. அடித்தல் திருத்தல் இல்லை. அவர் அதை வாங்கி, நான் செய்ததைப் போலவே விரல் வைத்துப் படித்தார்.

"இங்க ஒண்ணு விட்டுட்டே. எதுக்கு எழுதினேன்னு சொல்லல."

"பழி வாங்கத்தான்" என்று ஒரு வரி சேர்த்தேன். அவர் திருப்தியாகத் தலையாட்டினார்.

பாய் வந்து, "ரெண்டு பேரும் கவர்மெண்டு ஆளுங்க. ரெண்டு டீய வச்சுக்கிட்டு ஒண்ணர மணி நேரமா என் மேசையில ஆபீஸ் நடத்துறீங்க" என்றார். இன்னும் இரண்டு டீ சொன்னோம். ஏழு வருஷத்தில் நாங்கள் சேர்ந்து எடுத்த முடிவு அது ஒன்றுதான்.

எழும்போது பெரிய கிராணி இரண்டு தாளையும் என்னிடமே நீட்டினார்.

"நீ ராத்திரி இதக் கிழிச்சுப் போட்டுட்டா என்னான்னு வீட்டுல கேப்பாங்க. எனக்கு உன்னய ஆகாது. அன்னைக்கும் ஆகாது, இன்னைக்கும் ஆகாது. ஆனா நீ ஒரு தாள விட்டுட்டு அடுத்த நம்பரு போடுற ஆளு இல்ல."

அவர் எனக்குச் செய்த அவமானங்களில் அதைத்தான் இன்றுவரை என்னால் சீரணிக்க முடியவில்லை. எதிரி என்னை நம்பினார். நம்பியது சரியாகவும் இருந்தது. அவர் குடும்பத்தோடு இன்றும் இங்கேதான் இருக்கிறார், இந்த நாட்டின் பிரஜையாக. நாங்கள் இருவருமே இப்போது அரசாங்க வேலையில் இல்லை. அவர் உறவினர் ஒருவரின் துணிக்கடையில் உட்கார்ந்திருக்கிறார். நான் ஒரு தனி வக்கீலிடம் தட்டச்சு செய்கிறேன். இரண்டு வீட்டுக்கும் நடுவே நான்கு தெரு. சந்தையில் எதிரே வந்தால் அவர் தலையைத் திருப்பிக்கொள்வார். நான் திருப்புவதில்லை. அவர் திருப்பி முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருப்பேன். இரக்கம் இன்னும் வரவில்லை. 1954 டைரியின் அந்தப் பக்கத்தை மறுபடி பார்த்து எழுதும் வழக்கம் மட்டும் நின்றுவிட்டது.

அன்று இரவு எட்டு மணிக்கெல்லாம் டைரியை முடித்துவிட்டேன். 1954ஆம் ஆண்டு டைரியை எடுத்து, அந்தப் பக்கத்தை இன்னொரு தாளில் பிரதி செய்து, மூலத்தையும் காகிதத்தில் சுற்றி வைத்தேன். இரண்டு வாக்குமூலங்களையும் மடிக்காமல் பழைய காலண்டர் அட்டைக்குள் வைத்தேன். பொத்தான் தளர்ந்த சட்டையை எடுத்து, பொத்தானைத் தைத்தேன். மறுநாள் தலைவர் முன்னால் நிற்க வேண்டியிருக்கும் என்று தோன்றியது. தூக்கம் நன்றாக வந்தது.

மார்ச் 14, புதன்கிழமை. பஸ் இரண்டு நிமிடம் முன்னால் வந்தது. ஏழு முப்பத்து நான்குக்குப் பக்கவாட்டுக் கதவைத் திறந்தேன். குடையை மாட்டவில்லை, ஜன்னலைத் திறக்கவில்லை. முதல் வேலையாக அந்தக் கோப்பை மேசைக்குக் கொண்டுவந்து பக்கம் 22ஐ விரித்தேன். சிவப்பு மைப் புட்டியைக் குலுக்கி, பேனாவை நனைத்து, அவர் தாளின் வலது மேல் மூலையில் 23 என்று போட்டேன். மை ஒற்றும் தாளை எடுக்காமல், அது காயும்வரை ஊதினேன். பிறகு என் தாளை எடுத்து 24 என்று போட்டேன்.